காப்பி-பேஸ்ட் அவ்வளவு பெரிய பாவமா?

பத்து ப்ராஜெக்ட் உள்ள டீமில் பத்து யாமில் ஃபைல் இருக்கும். எல்லாவற்றிலும் கிட்டத்தட்ட அதே வரிகள்: கோடை எடு, டிபென்டன்சியை இறக்கு, பில்ட் பண்ணு, டெஸ்ட் ஓட்டு. யாராவது ஒருத்தர் பார்த்துவிட்டு, "இதையெல்லாம் ஒரே இடத்தில் வைக்கலாமே" என்பார். நியாயமான பேச்சுதான். ஜென்கின்ஸில் ஷேர்டு லைப்ரரி, கிட்லேபில் இன்க்ளூட், கிட்ஹப் ஆக்‌ஷன்ஸில் ரீயூசபிள் வொர்க்ஃப்ளோ என்று வசதிகளும் இருக்கின்றன.

வசதியில் எனக்குக் குறை இல்லை. அதைப் புகழும் விதத்தில்தான் இருக்கிறது. "ஒரு இடத்தில் மாற்றினால் போதும், எல்லா இடத்திலும் மாறிவிடும்" என்கிறார்கள். சரி, ஒரு இடத்தில் கெட்டுப்போனால்?

2025 மார்ச்சில் 'டிஜே-ஆக்‌ஷன்ஸ் / சேஞ்ச்டு-ஃபைல்ஸ்' என்ற கிட்ஹப் ஆக்‌ஷனுக்கு அதுதான் நடந்தது. எந்தெந்த ஃபைல் மாறியிருக்கிறது என்று சொல்லும் சின்ன ஸ்டெப் அது. 23,000-க்கும் மேற்பட்ட ரெப்போக்கள் அதைப் பயன்படுத்தின. ஊடுருவியவர்கள் அதன் வெர்ஷன் டேக்குகளைத் தங்கள் கெட்ட கமிட்டுக்குத் திருப்பிவிட்டார்கள். பில்ட் ஓடும் மெஷினின் மெமரியில் இருந்த ரகசிய டோக்கன்கள் பில்ட் லாகில் வந்து விழுந்தன. பொது ரெப்போ என்றால் அந்த லாகை யார் வேண்டுமானாலும் படிக்கலாம். இத்தனைக்கும் பயன்படுத்தியவர்கள் தங்கள் யாமிலில் ஓர் எழுத்தைக்கூட மாற்றவில்லை.

டேக் என்பது பெயர்ப்பலகை மாதிரி. கழற்றி வேறு வீட்டில் மாட்டிவிடலாம். கமிட் ஹாஷை அப்படி மாற்ற முடியாது. பழைய நல்ல கமிட்டின் முழு ஹாஷைப் போட்டு வைத்திருந்தவர்கள் தப்பித்தார்கள். ஆனா, ஹாஷில் பூட்டியதும் அந்த "ஒரு இடத்தில் மாற்றினால் போதும்" காணாமல் போகிறது! ஒவ்வொரு ரெப்போவிலும் ஹாஷை மாற்ற வேண்டும். டிபென்டபாட் புல் ரிக்வெஸ்ட் போட்டுத் தரும். படித்துப் பார்த்து மெர்ஜ் செய்யும் பொறுப்பு நம்முடையது. ஆக, எத்தனை வரி மிச்சமாகிறது என்பதைவிட, என் பில்டை எனக்குத் தெரியாமல் மாற்றும் உரிமை யாரிடம் இருக்கிறது என்பதுதான் முக்கியமான கேள்வி.

காப்பி-பேஸ்ட்டைத் திட்டுபவர்கள் உடனே 'டிரை' கொள்கையை எடுப்பார்கள். 1999-இல் ஹன்ட்டும் தாமஸும் 'தி பிராக்மாடிக் புரோகிராமர்' நூலில் சொன்னது அது. அங்கே அவர்கள் கவலைப்பட்டது ஒரே அறிவு இரண்டு இடத்தில் இருப்பதைப் பற்றி. ஒரே மாதிரித் தெரியும் வரிகளெல்லாம் ஒரே அறிவு ஆகிவிடாது.

இரண்டு ப்ராஜெக்ட் இன்றைக்கு ஒரே டெஸ்ட் கமாண்டை ஓட்டுவது தற்செயல். நாளைக்கு ஒன்று ஜாவா வெர்ஷனை மாற்றும், இன்னொன்று மாற்றாது. பொது டெம்ப்ளேட்டில் ஒரு 'இஃப்' நுழையும், பிறகு இன்னொன்று. கடைசியில் அதைத் தொடவே எல்லாருக்கும் பயம். ரிலீஸுக்கு டிஜிட்டல் கையொப்பம் இடும் முறை அப்படியல்ல. அது நிறுவனம் முழுக்க ஒரே முடிவு, பகிரத்தான் வேண்டும்.

நான் வைத்திருக்கும் சோதனை எளிது: இந்த ஸ்டெப் மாறினால் எல்லா ப்ராஜெக்ட்டும் ஒரே காரணத்துக்காக மாறியாக வேண்டுமா? ஆம் என்றால் பகிருங்கள், ஹாஷில் பூட்டி. இல்லையென்றால் அந்தப் பத்து வரியைத் தயங்காமல் காப்பி பண்ணுங்க.