தலைகீழ் ஆச்சரியக்குறி

சில வருடங்களுக்கு முன் ஓர் அக்டோபரில், நான் வசிக்கும் அமெரிக்க நகரத்தின் மியூசியத்திலிருந்து ஓர் அட்டை தபாலில் வந்தது. ஆரஞ்சு நிறப் பின்னணி. நடுவில் பூக்கள் வரையப்பட்டு, பல் தெரியச் சிரிக்கும் ஒரு மண்டையோடு. சுற்றிலும் செண்டுமல்லி. லத்தீனோ கலையைக் கொண்டாட வாருங்கள் என்று பெரிய எழுத்தில் அழைப்பு. அதன் கீழே இசை, நடனம், குழந்தைகளுக்கு முகத்தில் வண்ணம் தீட்டல், அனுமதி இலவசம். பின்பக்கத்தில், கார் நிறுத்தும் இடம் பற்றிய குறிப்புக்கு மேலே, பொடி எழுத்தில் ஒரு வரி: சிக்கானோ அச்சுப்படக் கண்காட்சியும் நடைபெறுகிறது.

இலவசம் என்றதும் கிளம்பிவிட்டேன். கீழே முற்றத்தில் நல்ல கூட்டம். மாடியில் அச்சுப்பட அறையில் நாலைந்து பேர்தான். அங்கே முதலில் மாட்டியிருந்த படத்திலும் ஓர் எலும்புக்கூடுதான். ஆனால் அது வேறு மாதிரிச் சிரித்தது.

எஸ்தர் ஹெர்னாண்டஸ் 1982இல் அச்சிட்ட 'சன் மேட்' அது. அமெரிக்க மளிகைக்கடைக்குள் ஒருமுறை போனவருக்குக்கூட சன்-மெய்ட் உலர்திராட்சையின் சிவப்பு டப்பா தெரிந்திருக்கும். சிவப்புத் தொப்பி அணிந்த பெண், கையில் திராட்சைக் கூடை, பின்னால் சூரியன். ஹெர்னாண்டஸ் எதையும் பெரிதாக மாற்றவில்லை. அதே தொப்பி, அதே கூடை, அதே சூரியன். பெண் மட்டும் எலும்புக்கூடாகிவிட்டாள். டப்பாவில் தரச்சான்று இருக்கவேண்டிய இடத்தில் பூச்சிக்கொல்லி, களைக்கொல்லி, பூஞ்சைக்கொல்லி என்று ஒரு பட்டியல். ஹெர்னாண்டஸ் கலிஃபோர்னியாவின் சான் வாக்கின் பள்ளத்தாக்கில், திராட்சைத் தோட்டங்களில் கூலிவேலை செய்த குடும்பத்தில் பிறந்தவர். தன் ஊரின் குடிநீரில் விவசாய நஞ்சு கலந்திருப்பது தெரிந்த பிறகு அவர் செய்த படம் இது.

கீழே ஒரு மண்டையோடு, மேலே ஒரு மண்டையோடு. வீட்டுக்கு வந்து அந்த அட்டையைக் குளிர்சாதனப்பெட்டியில் காந்தம் வைத்து ஒட்டினேன். பல நாள் அதைப் பார்த்துக்கொண்டிருந்ததில் தோன்றியதைத்தான் இங்கே எழுதுகிறேன். யாரும் மியூசிய விளம்பரங்களுக்கு விமர்சனம் எழுதுவதில்லை. கண்காட்சிக்கு எழுதுவார்கள், அதன் நூலுக்கு எழுதுவார்கள். ஆனால் ஒரு கண்காட்சியை நேரில் பார்ப்பவர்களைவிட அதன் அட்டையையும் தெருவோரப் பதாகையையும் பார்ப்பவர்கள் எத்தனையோ மடங்கு அதிகம். பெரும்பாலானவர்களுக்கு அட்டைதான் கண்காட்சி.

முதலில் ஒரு வேடிக்கையான விஷயம். அன்று மாடியில் மாட்டியிருந்தவற்றில் பாதிக்கு மேல், பிறந்தபோது விளம்பரங்கள். 1965இல் கலிஃபோர்னியாவின் டெலானோ ஊரில் திராட்சைத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். முதலில் பிலிப்பினோக்கள், சில நாட்களில் மெக்சிக்கோ வம்சாவளியினர். அது ஐந்து வருடம் நீண்டது. திராட்சை வாங்காதீர்கள் என்று நாடு முழுக்கச் சொல்ல வேண்டியிருந்தது, கையில் காசில்லை. அப்போது கைகொடுத்தது ஸ்கிரீன் பிரிண்டிங். மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டிய மெல்லிய துணி, வேண்டாத இடத்தை அடைக்க ஒரு ஸ்டென்சில், மையைத் தள்ள ஒரு ரப்பர் பட்டை. ஒரு நிறத்துக்கு ஒரு சட்டம். இரண்டு மூன்று நிறங்களுக்குள் சொல்ல வந்ததைச் சொல்லிவிட வேண்டும். சிக்கானோ போஸ்டர்களின் அழுத்தமான தட்டை நிறங்களுக்கு இந்தச் சிக்கனமும் ஒரு காரணம்.

ரூபர்ட் கார்சியாவின் 1973ஆம் வருடத்துப் போஸ்டர் ஒன்று: சிவப்புப் பின்னணியின் குறுக்கே முள்கம்பி, நாடுகடத்துவதை நிறுத்து என்று ஸ்பானிய மொழியில் சில எழுத்துகள். அவ்வளவுதான். யோலண்டா லோபஸின் போஸ்டரில் ஒரு ஆஸ்டெக் வீரன், ராணுவத்துக்கு ஆள் சேர்க்கும் அங்கிள் சாம் மாதிரியே நம்மைப் பார்த்து விரல் நீட்டி, யாரடா இங்கே சட்டவிரோதமாக வந்தவன் என்று கேட்கிறான். சாக்ரமென்டோவில் 'ரெபல் சிக்கானோ ஆர்ட் ஃபிரன்ட்' என்றொரு குழு இருந்தது. அதன் முதலெழுத்துகளைப் பார்த்து, ராயல் கனேடியன் விமானப்படையா என்று ஜனங்கள் குழம்பினார்கள். இவர்களும் சளைக்காமல் பெயரை 'ராயல் சிக்கானோ விமானப்படை' என்று மாற்றிக்கொண்டு, தொழிற்சங்கத்துக்கும் உள்ளூர் விழாக்களுக்கும் போஸ்டர் போட்டுத் தள்ளினார்கள்.

இந்தப் போஸ்டர்களெல்லாம் ஏதோ ஒன்றைச் செய்யச் சொல்கின்றன. இந்த நாளில் இங்கே வா. இதை வாங்காதே. இதை நிறுத்து. எங்கள் வீட்டு அட்டை எதையும் செய்யச் சொல்லவில்லை. வந்தால் நான் எப்படி உணர்வேன் என்று மட்டும் சொன்னது: துடிப்பாக, வண்ணமயமாக, மகிழ்ச்சியாக. இரண்டும் விளம்பரம்தான். ஒன்று என்னிடம் வேலை வாங்குகிறது. இன்னொன்று என் முதுகைத் தடவிக் கொடுக்கிறது.

2020 நவம்பரில் வாஷிங்டனிலுள்ள ஸ்மித்சோனியன் அமெரிக்கக் கலை அருங்காட்சியகம் 'பிரிண்டிங் தி ரெவல்யூஷன்' என்ற பெரிய கண்காட்சியைத் திறந்தது. 1965 முதல் இன்றுவரையான சிக்கானோ அச்சுக்கலை. தெருச்சுவரில் ஒட்டிக் கிழிக்கப்படவேண்டிய தாள்கள் கண்ணாடிச் சட்டத்துக்குள் வந்தன. அதை நான் குறை சொல்லமாட்டேன்; அந்தத் தாள்களை யாரோ காப்பாற்றி வைத்ததால்தான் நாம் பார்க்க முடிகிறது. அந்தத் தலைப்பைத் தொடங்கும் குறிதான் என்னை யோசிக்க வைத்தது. ஸ்பானிய வழக்கப்படி முன்னால் ஒரு தலைகீழ் ஆச்சரியக்குறி. ஸ்பானிய மொழியில் இது ஓர் அருமையான ஏற்பாடு. வாக்கியத்தை வாசிக்கத் தொடங்குமுன்பே அதன் தொனியைக் கண்ணுக்குச் சொல்லிவிடும். அதனால்தானோ என்னவோ, லத்தீனோ நிகழ்ச்சி என்றாலே விளம்பரக்காரர்கள் இந்தக் குறியை நாடுகிறார்கள். 'பிரிண்டிங் தி ரெவல்யூஷன்' என்ற தலைப்பில் அந்தக் குறிக்குப் பின்னால் சொல்வதற்கு ஒரு விஷயம் இருந்தது. எங்கள் வீட்டு அட்டையிலும் அதே குறி இருந்தது. அதற்குப் பின்னால் தொனி மட்டும்தான்.

இதற்கு யாருடைய கெட்ட எண்ணமும் தேவையில்லை. எப்படி நடக்கிறது என்று எனக்குக் கொஞ்சம் தெரியும். நிகழ்ச்சி அழைப்பு மின்னஞ்சல்களை அனுப்பும் ஒரு மென்பொருளில் சில காலம் வேலை பார்த்திருக்கிறேன். ஒரே அழைப்பை இரண்டு விதமாக எழுதி, சிறு குழுக்களுக்கு அனுப்பி, எதை அதிகம் பேர் க்ளிக் செய்கிறார்களோ அதை மிச்சப் பேருக்கு அனுப்புவோம். 'கொண்டாடுங்கள்' என்ற சொல் ஜெயிக்கும். சிரிக்கும் படம் ஜெயிக்கும். முள்கம்பி ஜெயிக்காது. அடுத்த வருடம் டிசைனர் புதிதாக யோசிக்கமாட்டார். ஜெயித்த டெம்ப்ளேட்டைத் திறந்து தேதியை மாற்றுவார். இப்படியே நாலைந்து சுற்று போனால், யாரும் முடிவெடுக்காமலே எல்லா மியூசியத்தின் அட்டையும் செண்டுமல்லியாகிவிடும். காலண்டரும் ஒத்துழைக்கிறது. ஹிஸ்பானிக் பாரம்பரிய வாரம் 1968இல் அறிவிக்கப்பட்டது; 1988இல் அது மாதமாக நீண்டது. செப்டம்பர் 15 முதல் அக்டோபர் 15 வரை. செப்டம்பர் 15 என்பது குவாத்தமாலா, எல் சால்வடோர், ஹோண்டுராஸ், நிகராகுவா, கோஸ்ட்டா ரிகா ஆகிய ஐந்து நாடுகளின் விடுதலை நாள். ஒரு விடுதலை நாளில் தொடங்கும் மாதம் என்பது எந்த அட்டையிலும் என் கண்ணில் பட்டதில்லை.

அந்தச் சிரிக்கும் எலும்புக்கூட்டின் கதையையே எடுத்துக்கொள்வோம். அகலத்தொப்பி போட்ட கத்ரினா இன்று எல்லா விளம்பரத்திலும் வருகிறாள். அவளை முதலில் செதுக்கியவர் மெக்சிக்கோவின் ஹோசே குவாதலூப்பே போசாதா. மலிவுத் தாள்களில் கிண்டல் படம் போட்டுப் பிழைத்தவர். 1913இல் ஏழையாகச் செத்தார். பூர்வகுடி வேரை மறைத்து ஐரோப்பியச் சீமாட்டிபோல் பாவனை செய்தவர்களைக் கேலி செய்யத்தான் அந்தத் தொப்பி. அப்போது அவளுக்குத் தலையும் தொப்பியும்தான். முழு உடலும் உடையும் கொடுத்தது தியேகோ ரிவேரா, 1947இல் வரைந்த சுவரோவியத்தில். வேஷம் போடுபவரைக் கிண்டல் செய்யப் பிறந்தவள், இன்று முகத்தில் வண்ணம் தீட்டும் மேசையில் ஒரு வேஷமாகிவிட்டாள்.

இங்கே என்னை நானே மறித்துக்கொள்ள வேண்டும். கொண்டாட்டம் என்றாலே மேலோட்டம், போராட்டம் என்றால்தான் ஆழம் என்று சொல்ல வருகிறேனா? அப்படிச் சொன்னால் அது தப்பு. கிழக்கு லாஸ் ஏஞ்சலஸில் 'செல்ஃப் ஹெல்ப் கிராஃபிக்ஸ்' என்ற அச்சுக்கூடத்தை உருவாக்கியவர்களில் முக்கியமானவர் கேரன் பொக்கலேரோ என்ற கன்னியாஸ்திரி. அங்கிருந்த கலைஞர்கள்தான் 1970களின் தொடக்கத்தில் இறந்தோர் நாளை அந்த வட்டாரத்தில் பொது விழாவாக நடத்தத் தொடங்கினார்கள். ஊர்வலம், படையல், அதற்கென்று போஸ்டர். மெக்சிக்கோவில் குடும்பங்கள் கல்லறையில் செய்ததை, அதை மறக்கத் தொடங்கியிருந்த பிள்ளைகளுக்காகத் தெருவுக்குக் கொண்டுவந்தார்கள். பள்ளிக்கூடத்தில் ஸ்பானிய மொழி பேசியதற்காகத் தண்டிக்கப்பட்டவர்கள் இருந்த சமூகத்தில், அந்த ஊர்வலத்துக்கு வா என்று அழைப்பதே அரசியல்தான். அந்தப் போஸ்டரிலும் மண்டையோடு இருந்தது, பூ இருந்தது.

அப்படியானால் வித்தியாசம் எங்கே? அழைப்பவர் யார், அழைக்கப்படுபவர் யார் என்பதில். செல்ஃப் ஹெல்ப் போஸ்டர் தன் தெருவைப் பார்த்து, நம் செத்தவர்களை நினைக்க வாங்க என்றது. மியூசிய அட்டை மற்றவர்களைப் பார்த்து, இவர்கள் எவ்வளவு அழகாகக் கொண்டாடுகிறார்கள் பாருங்கள் என்கிறது. முதலாவதில் 'நாம்' இருக்கிறது. இரண்டாவதில் 'இவர்கள்'.

மியூசியங்களுக்கும் இந்தச் சமூகத்துக்கும் இடையே பழைய கணக்கு ஒன்று உண்டு. 1972இல் லாஸ் ஏஞ்சலஸ் கவுன்ட்டி கலை அருங்காட்சியகத்தில், இங்கே ஏன் சிக்கானோ கலை இல்லை என்று ஹாரி கம்போவா கேட்டார். சிக்கானோக்கள் நாட்டுப்புறக் கலைதான் செய்வார்கள், இல்லாவிட்டால் ரவுடிக் கும்பலில் இருப்பார்கள் என்கிற தோரணையில் அங்கிருந்த காப்பாளர் ஒருவர் பதில் சொன்னதாக அவர் பின்னர் சொன்னார். அன்றிரவே அவரும் அஸ்கோ குழு நண்பர்கள் குரோங்க், வில்லி ஹெர்ரோன் இருவரும் வாசல் பாலத்தில் ஸ்ப்ரே பெயின்ட்டால் தங்கள் பெயர்களை எழுதிவிட்டு வந்தார்கள். மறுநாள் காலை அந்தப் பெயர்களுக்கு மேலே பட்ஸி வால்டெஸை நிற்கவைத்து கம்போவா ஒரு புகைப்படம் எடுத்தார். பெயர்களைச் சீக்கிரமே அழித்துவிட்டார்கள். புகைப்படம் தங்கியது. 2011இல் அதே மியூசியம் அஸ்கோவின் முழுக் கண்காட்சியை நடத்தியது. 1994இல் ஸ்மித்சோனியன் நியமித்த குழுவே, அந்த நிறுவனம் லத்தீனோக்களை வேண்டுமென்றே புறக்கணித்து வந்திருக்கிறது என்ற பொருளில் தலைப்பிட்டு அறிக்கை கொடுத்தது. 2020 டிசம்பரில்தான் தேசிய லத்தீனோ அருங்காட்சியகத்துக்கான சட்டம் வந்தது.

அதற்கு அடுத்து நடந்ததுதான் எனக்கு முக்கியம். புதிய அருங்காட்சியகத்துக்குக் கட்டடம் வரும்வரை, அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்துக்குள் 2022இல் ஒரு கூடம் திறந்தார்கள். முதல் கண்காட்சியைப் பழமைவாதிகள் தாக்கினார்கள்: இது லத்தீனோக்களைப் பாதிக்கப்பட்டவர்களாக மட்டும் காட்டுகிறது என்று. நாடாளுமன்றத்தில் நிதியை நிறுத்தும் பேச்சும் எழுந்தது. 1960, 70களின் லத்தீனோ இளைஞர் உரிமை இயக்கங்களைப் பற்றி அடுத்த கண்காட்சி தயாராகிக்கொண்டிருந்தது. அது கைவிடப்பட்டு, சல்சா இசை பற்றிய கண்காட்சி முன்னுக்கு வந்ததாக 2023இல் செய்தியானது. சல்சா ஒன்றும் இளப்பமான விஷயமில்லை. நியூயார்க்கில் புவெர்த்தோ ரிக்கோ, கியூபா வம்சாவளியினர் உருவாக்கிய இசை. அதற்குள்ளும் வறுமை உண்டு, குடியேற்றம் உண்டு. ஆனால் ஒன்றை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இன்னொன்றை வைத்தார்கள் என்பதைப் படித்தபோது என் வீட்டு அட்டைதான் ஞாபகம் வந்தது. முதலில் அட்டையில் இடம் மாறியது, பிறகு கூடத்தில் மாறிவிட்டது. பல வருடமாகக் கொண்டாட்டம் என்று மட்டும் அழைத்துப் பழக்கப்படுத்திவிட்டால், மாடியில் முள்கம்பியைப் பார்ப்பவருக்குத் தான் ஏமாற்றப்பட்டதாகத்தான் தோன்றும். விளம்பரத்தில் இல்லாததை உள்ளே வைத்தது யார் என்று அவர் கேட்பார்.

இது எனக்கு எதற்கு என்று கேட்கலாம். அந்த மியூசியத்தின் அதே டெம்ப்ளேட்டில், அதே ஆரஞ்சு நிறத்தில், அடுத்த மாதம் தீபாவளி அட்டையும் வந்தது. அதே செண்டுமல்லிதான். அந்தப் பூவே மெக்சிக்கோவிலிருந்து நமக்கு வந்ததுதான் என்பதால் அதில் ஒரு நியாயமும் இருக்கிறது! மண்டையோட்டை எடுத்துவிட்டு விளக்கை வைத்திருந்தார்கள். நானும் குடும்பத்தோடு போனேன், நன்றாகத்தான் இருந்தது. வருடத்தில் ஒருநாள் நம்மைச் சிரித்த முகத்தோடு கூப்பிடுகிறார்கள் என்பதில் சந்தோஷம் இல்லாமலில்லை. ஆனால் அந்தச் சிரிப்புக்கு நிபந்தனை உண்டா என்பது, நாம் சிரிக்காத ஒரு விஷயத்தைச் சொல்ல வரும்போதுதான் தெரியும்.

அந்த டிசைனரிடம் நான் பெரிதாக எதுவும் கேட்கமாட்டேன். இசை இருக்கட்டும், இலவசம் என்பதும் பெரிய எழுத்தில் இருக்கட்டும். அட்டையில் படம் மட்டும் மாடியிலிருந்து வரட்டும். தொப்பி போட்ட அந்தத் திராட்சைக்காரி ஏற்கெனவே ஒரு விளம்பரத்துக்காக வரையப்பட்டவள்தானே. அவளைப் போட்டால் க்ளிக் குறையும், ஒத்துக்கொள்கிறேன். வருகிறவர்கள் மாடிக்கும் ஏறுவார்கள்.