தண்டப் போலீஸும் ஒரு சீட்டாட்டமும்

'கப்பலோட்டிய தமிழன்' படத்தை நான் மூன்று தடவை பார்த்திருக்கிறேன். மூன்று தடவையும் செக்கிழுக்கும் காட்சியில் கண் கலங்கினேன். ஆகவே நான் குறை சொன்னால் ரஸிகர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது.

பந்துலு 1961-ல் எடுத்த அந்தப் படம் ஒரு தியாகியின் சரித்திரம். ஒரு பக்கம் சிதம்பரம் பிள்ளை. எதிர்ப் பக்கம் வெள்ளைக்கார அதிகாரம். இரண்டுக்கும் நடுவே ஓர் ஊர் இருந்ததே, அது என்ன ஆயிற்று? 1908 மார்ச் 12-ல் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் கைதானார்கள். மறுநாள் திருநெல்வேலியில் கலவரம். துப்பாக்கிப் பிரயோகத்தில் நாலு பேர் செத்தார்கள். பிறகு திருநெல்வேலியிலும் தூத்துக்குடியிலும் சர்க்கார் தண்டப் போலீஸை நிறுத்திற்று. அதன் செலவு ஊர் ஜனங்கள் தலையில் விழுந்தது.

தண்டம் என்றால் நம் பாஷையில் தடி என்றும் பொருள், அபராதம் என்றும் பொருள். கல்லெறிந்தவன் யார் என்று பார்த்துப் போட்ட வரியல்ல அது; ஊருக்குப் போட்ட வரி. தன்னை மிரட்டுகிறவனுக்குத் தானே படியளக்கிற நிலைமை! ஒரு நாவலாசிரியனுக்கு இதைவிட என்ன வேண்டும்? உப்பளத்துக்காரன் வீட்டிலும் சங்கு குளிப்பவன் குடிசையிலும் அன்றிரவு என்ன பேசியிருப்பார்கள்? புருஷனைப் பார்த்து, "உங்களுக்கு எதற்கு ஊர் வம்பு?" என்று எத்தனை பெண்டுகள் கேட்டிருப்பார்கள்?

இன்னொரு துறைமுகம் ஞாபகம் வருகிறது. பால்டிக் கடலோரத்து டான்ஸிக். ஜெர்மானியரும் போலந்துக்காரரும் உரிமை கொண்டாடிய நகரம். 1939-ல் யுத்தத்துக்கு முன்பே அங்கே நாஜிகள் ஊர்க்காவல் என்ற பெயரில் ஒரு படையைத் திரட்டினார்கள். செப்டம்பர் முதல் தேதி உள்ளூர்ப் போலீஸும் அந்தப் படையும் சேர்ந்து போலந்துத் தபாலாபீஸைத் தாக்கின. அந்த ஊரில் பிறந்த குந்தர் கிராஸ், 1959-ல் வெளிவந்த 'தகர முரசு' நாவலில் அதை எழுதியிருக்கிறார். குண்டு மழைக்கு நடுவே யான் என்கிற பயந்த மனிதன் சீட்டாடிக்கொண்டிருக்கிறான். அவன் வீரனல்ல, ஆனாலும் அவனையும் கொன்றுவிடுகிறார்கள். வீரனுக்காக அழுதுவிட்டு நாம் எழுந்து வீட்டுக்குப் போய்விடலாம். யான் அப்படி விடமாட்டான். நம் கூடவே வந்துவிடுவான்.

1912 டிஸம்பரில் பிள்ளை விடுதலையானபோது வரவேற்கப் பெருங்கூட்டம் வரவில்லை. நன்றி கெட்ட ஜனங்கள் என்று இன்றைக்கும் திட்டுகிறோம். துப்பாக்கியையும் தண்ட வரியையும் கண்ட ஊர், ஆஷ் கொலைக்குப் பின் 1911-ல் மறுபடியும் போலீஸ் கெடுபிடியைக் கண்ட ஊர், வாய் மூடியிருந்ததில் ஆச்சரியம் என்ன? அந்தப் பயத்தை யாராவது மனசில் தைக்கும்படி எழுதியிருந்தால், பிள்ளையின் தனிமையும் நமக்கு இன்னும் நன்றாக விளங்கியிருக்கும்.

யாராவது என்ன, நானே எழுதியிருக்கலாம். இந்தக் கடற்கரையைப் பற்றி எத்தனையோ கதை எழுதியாயிற்று. வீரனை எழுதுவது சுலபம். கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தவனை எழுத உட்கார்ந்தால், அவன் முகம் என் முகமாகவே தெரிகிறது.