நூறு அடியும் ஐந்து அடியும்

2025 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலிஸின் பாலிசேட்ஸ், ஆல்ட்டடீனா பகுதிகள் எரிந்து அடங்கியபின் வெளிவந்த படங்களில் ஒரு விநோதம் இருந்தது. வீடு இருந்த இடத்தில் புகைபோக்கி மட்டும் மிஞ்சியிருக்கும். பக்கத்திலேயே மரம் பச்சை இலையோடு நிற்கும். 2018 நவம்பரில் 85 பேரைப் பலிகொண்ட காட்டுத்தீ எரித்த, கலிபோர்னியாவின் பாரடைஸ் ஊரிலும் இதே காட்சிதான். காடு வந்து வீட்டைக் கொளுத்தியது என்றால் மரம் எப்படித் தப்பியது? வீட்டைச் சுற்றிச் செடிகொடிகளை அகற்றும் கலிபோர்னிய வழக்கத்தை எடைபோட இந்தக் கேள்வி போதும்.

அங்கே தீ அபாயப் பகுதியில் வீடு வைத்திருப்பவர் சுற்றிலும் 100 அடிக்குப் புதரையும் சருகையும் குறைத்து வைக்க வேண்டும் என்பது சட்டம். 2005 வரை இது 30 அடியாக இருந்தது. நோக்கம் நியாயமானதே. முன்னேறி வரும் தீ வீட்டை நெருங்குமுன் தீனியில்லாமல் தணிய வேண்டும். தீயணைப்பு வீரர்கள் நின்று வேலை செய்ய இடமும் வேண்டும். அமெரிக்க வனத்துறை ஆய்வாளர் ஜாக் கோஹன் கனடாவின் வடபகுதியில் காட்டையே கொளுத்தி நடத்திய சோதனைகளில், 30 மீட்டர் (சுமார் நூறடி) தள்ளி வைத்த மரச்சுவர்கள் தீப்பற்றவில்லை. 10 மீட்டரில் வைத்தவற்றில்கூட எல்லாம் எரிந்துவிடவில்லை. ஆக, இடைவெளி வேலை செய்கிறது.

எவ்வளவு இடைவெளி என்பதில்தான் சிக்கல். தெற்குக் கலிபோர்னியாவில் எரிந்த வீடுகளையும் தப்பிய வீடுகளையும் ஒப்பிட்டு அலெக்சாண்ட்ரா சைஃபர்டும் சக ஆய்வாளர்களும் 2014இல் வெளியிட்ட ஆய்வின்படி, சுவரிலிருந்து 5 முதல் 20 மீட்டர் வரை செடிகளைக் குறைத்ததே அதிகப் பலன் தந்தது. 30 மீட்டரைத் தாண்டி வெட்டியதால் கூடுதல் லாபம் எதுவும் இல்லை, செங்குத்தான சரிவிலும்கூட. அளவுக்கு மீறி வெட்டினால் கேடும் உண்டு. அப்பகுதிக்கே உரிய சப்பரால் புதரை வேரோடு சுரண்டினால் மண் வெறுமையாக இருந்துவிடாது. அந்நியப் புல் முளைக்கும், கோடை வருமுன்பே காயும். அந்தப் புதரைவிட அது எளிதில் தீப்பிடிக்கும்.

வெட்ட அனுமதி கிடைத்தால் மனிதர் எதற்கெல்லாம் வெட்டுவார்கள் என்பதை ஆஸ்திரேலியா காட்டியது. நியூ சவுத் வேல்ஸ் 2014இல் கொண்டுவந்த 10/50 திட்டப்படி, வீட்டிலிருந்து 10 மீட்டருக்குள் உள்ள மரங்களை முன்அனுமதி இல்லாமலேயே வெட்டலாம். சீக்கிரமே சிட்னியில், தீக்குப் பயந்தல்ல, கடல் தெரிவதற்காக மரங்கள் விழுகின்றன என்ற புகார் எழுந்தது. அரசு விதிகளை இறுக்க நேர்ந்தது.

கலிபோர்னிய வீட்டுக்காரர்களின் மனநிலை இதற்குத் தலைகீழ். பின்னாலிருக்கும் அரசு நிலத்தை ஏன் சுத்தம் செய்யவில்லை என்று உரக்கக் கேட்பவர், ஜன்னலுக்குக் கீழே இருக்கும் தன் ஜூனிபர் செடியைத் தொட விடுவதில்லை. அதன் நிழல், அழகு, அண்டை வீட்டார் பார்வையிலிருந்து மறைப்பு எல்லாம் அவருக்கு வேண்டும். ஆனால் பெரும்பாலான வீடுகள் தீச்சுவர் வந்து மோதி எரிவதில்லை. காற்று வெகுதூரத்திலிருந்து தூக்கி வரும் கங்குகள் சுவரோரத்து மரப்பட்டைத் தூளிலும், சுவரை ஒட்டிய மரவேலியிலும், கூரைக் குழாயில் அடைந்த சருகிலும் விழுகின்றன. காற்றுத் துளை வழியே பரணுக்குள் புகுகின்றன. ஓரிரு வீடுகள் பற்றிக்கொண்டால் அடுத்த வீட்டுக்கு அந்த வீடுகளே விறகு. வேர் ஈரமுள்ள மரம் தப்பியது இதனால்தான். நூறடி வெட்டிவிட்டு சுவரை ஒட்டிய ஐந்தடியை விட்டுவைப்பது, கொல்லைக் கதவைப் பூட்டிவிட்டு வாசலைத் திறந்து போடுவது போல.

சுவரிலிருந்து ஐந்தடிக்குள் எரியக்கூடியது எதுவும் கூடாது என்ற சட்டம் 2020இலேயே நிறைவேறியது. 2023 தொடக்கத்துக்குள் வகுக்க வேண்டிய விதிகள் இழுத்துக்கொண்டே போக, 2025 தீக்குப் பிறகு ஆளுநர் ஆணையிட்டுத்தான் வேகம் வந்தது. உடனே லாஸ் ஏஞ்சலிஸ் வீட்டுக்காரர்களிடமிருந்து எதிர்ப்பும் வந்தது. அதை வெறும் பிடிவாதம் என்று தள்ளிவிட முடியாது. நெருக்கமான மனையில் ஐந்தடி என்பது தோட்டத்தின் பெரும்பகுதி. ஓய்வூதியத்தில் வாழும் முதியவருக்கு ஆள் வைத்து வெட்டுவதே சுமை. பக்கத்து வீட்டுக்காரர் சும்மா இருந்தால் என் செலவு வீண்தானே என்ற கேள்விக்கும் அர்த்தம் உண்டு: பாரடைஸில் ஒரு வீடு தப்புமா என்பதைத் தீர்மானித்தவற்றில் முக்கியமானது, அருகிலிருந்த வீடு எரிந்ததா என்பது. எல்லாம் செய்தவருக்கும் காப்பீடு நிச்சயமில்லை. பாதுகாப்புப் பணி செய்தவருக்குக் கட்டணச் சலுகை தர வேண்டும் என்று 2022இல் மாநிலம் விதித்தது. மறு ஆண்டே ஸ்டேட் ஃபார்ம் காப்பீட்டு நிறுவனம் அங்கே புதிய வீட்டுக் காப்பீட்டு விண்ணப்பங்களை ஏற்பதை நிறுத்தியது.

இன்னொரு கணக்கும் பாரடைஸிலிருந்து கிடைக்கிறது. 1997க்கு முன் கட்டிய வீடுகளில் 11.5 விழுக்காடு தப்பின. பின்னர் கட்டியவற்றில் 38.5. வீட்டின் வயதும் கட்டுமானமும் இவ்வளவு பேசும்போது, அதிகாரிகளின் சோதனை அறிவிப்புகள் செடிகளைச் சுற்றியே வருவது எனக்குச் சோம்பலாகத்தான் படுகிறது. வீட்டுக்காரரின் செடியை எடு என்று சொல்வது அரசுக்குச் செலவில்லாத வேலை. கூரையை மாற்றவும், காற்றுத் துளைகளுக்கு நுண்ணிய உலோகவலை அடிக்கவும், மரவேலியைச் சுவரிலிருந்து பிரிக்கவும் பணம் வேண்டும்.

ஐந்தடி விதியை நான் ஆதரிக்கிறேன். ஆனால் அது தெரு தெருவாக, எல்லா வீடுகளுக்கும் சேர்த்து அமலாக வேண்டும். வசதியற்றவர் செலவை அரசு ஏற்க வேண்டும். நூறடிக்கு அப்பாலும் வெட்டச் சொல்லும் உத்தரவு எங்கேனும் இருந்தால் அதைக் கைவிட வேண்டும்; அந்தச் செலவை வீட்டுக்காரர் ஐந்தடிக்குத் திருப்பலாம்.