கூலி கேட்டால் கிரீடம்

எங்க ஆயா நடவுக்குப் போனவள். முசரவாக்கம் சேரியிலிருந்து விடியும் முன்னே கிளம்பி, நாளெல்லாம் குனிந்து நட்டு, பொழுது சாய்ந்து திரும்பியவள். எழுதப் படிக்கத் தெரியாது. ஆனா எந்த வருசம் எந்த நெலத்துக்காரன் எத்தனை படி கொறைச்சு அளந்தான்னு சாகிறவரைக்கும் மறக்கல.

ஒருமுறை காஞ்சிபுரத்தில் நடந்த செபக்கூட்டத்துக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். பந்தல் நிறைய நம்ம சனங்க. விசுவாசிகளுக்குப் பரலோகத்தில் கிடைக்கப்போகும் கிரீடங்கள்தான் அன்றைக்குப் பிரசங்கம். அழிவில்லாத கிரீடம், மகிழ்ச்சியின் கிரீடம், நீதியின் கிரீடம், ஜீவகிரீடம், மகிமையின் கிரீடம் என்று மொத்தம் 5. இச்சையை அடக்கியவருக்கு ஒன்று, ஆத்தும ஆதாயம் செய்தவருக்கு ஒன்று, வருகைக்குக் காத்திருந்தவருக்கு ஒன்று, பாடு சகித்தவருக்கு ஒன்று, மந்தையை மேய்த்தவருக்கு ஒன்று. பிரசங்கியார் விரல் விட்டு எண்ணினார். சனங்க அல்லேலூயா சொன்னாங்க.

வீட்டுக்குத் திரும்பும்போது ஆயா கேட்டாள்: "அதெல்லாம் சரிடி. கிரீடத்த வெச்சிக்கினு நான் இன்னா பண்றது? இங்க அளக்காம வுட்ட கூலிய அங்கயாச்சும் அளப்பாங்களா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. எம்.ஏ. தமிழ் படித்தவளுக்குத் தெரியாத ஒன்றை நாற்று நட்டவள் கேட்டுவிட்டாள். அந்தக் கேள்வியோடு வேதாகமத்தையும், நம் கிறித்தவ இலக்கியத்தில் இரண்டொரு பிரதிகளையும் திரும்பப் படித்ததன் விளைவே இந்தக் கட்டுரை.

முதலில் சொல். தமிழ் வேதாகமத்தின் பழைய மொழிபெயர்ப்பில் விசுவாசிக்குக் கிடைப்பது சில இடங்களில் 'பலன்', சில இடங்களில் 'கிரீடம்', சில இடங்களில் 'கூலி'. கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபம் 3-ஆம் அதிகாரத்தில் இருப்பது கூலி. நடுகிறவரையும் நீர் பாய்ச்சுகிறவரையும் சொல்லிவிட்டு, வேலைக்கேற்ற கூலி அவரவருக்கு உண்டு என்கிறார் பவுல். கிரீடம் ராசா தன் இஷ்டத்துக்குச் சூட்டுவது. வாங்குகிறவன் தலையைக் குனிய வேண்டும். கூலி அப்படியல்ல, அது கடன். வேலை முடிந்தால் கொடுத்தாக வேண்டும், கொடுக்காவிட்டால் நின்று கேட்கலாம். நம்ம சனங்களுக்குக் கைவந்த சொல் கூலிதான். கிரீடத்தை நம் தெரு தெருக்கூத்தில் கட்டைக் கிரீடமாகத்தான் பார்த்திருக்கிறது, விடிந்தால் கழற்றிவிடுவார்கள். ஆனாலும் பிரசங்க மேடை கூலியை விட்டுவிட்டுக் கிரீடத்தைத் தேர்ந்தெடுத்தது. இது தற்செயல் இல்லை.

அந்த மேடையின் இறையியலைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். நியாயத்தீர்ப்பு இரண்டு என்கிறார்கள். அவிசுவாசிகளுக்கு வெள்ளைச் சிங்காசனம், அங்கே தண்டனை. விசுவாசிகளுக்குக் கிறிஸ்துவின் நியாயாசனம், அங்கே தண்டனை கிடையாது, பரிசளிப்பு மட்டும். விசுவாசி தப்புச் செய்திருந்தால்? அவன் கட்டியதை அக்கினி சோதிக்கும். பொன், வெள்ளி, ரத்தினம் நிற்கும். மரம், புல், வைக்கோல் எரிந்துபோகும். கட்டினவன் கூலியை இழப்பான், அவன் மட்டும் நெருப்பைக் கடந்தவன்போல் தப்பிவிடுவான்.

இதை நம் தெருவுக்குக் கொண்டுவாருங்கள். கோயிலுக்குள் நம்மைத் தனியே உட்காரவைத்தவனும் விசுவாசி. கல்லறைக்கு நடுவே சுவர் வைத்தவனும் விசுவாசி. இந்தக் கணக்குப்படி அவனுக்கு நட்டம் ஒரு கிரீடம். சுவருக்கு இந்தப் பக்கம் கிடந்தவனுக்கு என்ன லாபம்? பொறுத்துக்கொண்டதற்கு ஜீவகிரீடம். அதாவது, அடித்தவன் ஒரு பரிசை இழக்கிறான், அடிபட்டவன் ஒரு பரிசைப் பெறுகிறான், வழக்கு முடிந்தது. அடித்தது ஏன் என்ற விசாரணையே கிடையாது. ஊரிலே இரட்டைக் குவளை பார்த்தோம். மேலேயும் இரட்டை நியாயாசனம் போட்டுவைத்திருக்கிறார்கள்.

ஆனால் பிரதி அப்படிச் சொல்லவில்லை. பிரசங்கியார் அந்த அதிகாரத்தில் 15-ஆம் வசனத்தோடு நிறுத்திக்கொள்கிறார். அடுத்த 2 வசனங்களில் பவுல் சபையையே பார்த்துப் பேசுகிறார். நீங்கள்தான் தேவனுடைய ஆலயம், அந்த ஆலயத்தைக் கெடுப்பவனைத் தேவன் கெடுப்பார் என்பது அதன் சாரம். அந்த நிருபம் எழுதப்பட்டதே கொரிந்து சபைக்குள் கட்சி கட்டிப் பிரிந்து நின்றவர்களைக் கண்டிக்கத்தான். சபையைப் பிளந்தவனுக்கு வெறும் கிரீட நட்டம் என்று அங்கே இல்லை.

ஜீவகிரீடத்துக்கு ஆதாரமாகக் காட்டப்படும் வசனங்களில் ஒன்று யாக்கோபு நிருபத்தின் முதல் அதிகாரத்தில் இருக்கிறது. அந்த நிருபம் மொத்தமே 5 அதிகாரம், ஒரு மூச்சில் படித்துவிடலாம். 2-ஆம் அதிகாரத்தில் பொன் மோதிரமும் பகட்டான உடையுமாக வருபவனுக்கு நல்ல இருக்கை, கந்தல் கட்டியவனுக்குக் காலடி என்று நடந்த சபையைப் பிடித்து உலுக்குகிறார் யாக்கோபு. இரக்கம் காட்டாதவனுக்கு இரக்கமில்லாத தீர்ப்பு என்று அங்கேயே எச்சரிக்கிறார். 5-ஆம் அதிகாரத்தில் பணக்காரனைப் பார்த்து, உன் வயலை அறுத்தவர்களின் பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது, அது ஆண்டவரின் காதுக்கு எட்டிவிட்டது என்கிறார். எங்க ஆயா கேட்டதற்குப் பதில் இங்கே இருக்கிறது! கிரீடம் இருந்த அதே நிருபத்தில், 4 அதிகாரம் தள்ளி. பிரசங்கியார் அதுவரைக்கும் போகவில்லை, அவ்வளவுதான்.

கூலி கேட்டவர்களுக்கு இந்த மண்ணில் என்ன தீர்ப்புக் கிடைத்தது என்பதற்குக் கீழ்வெண்மணி இருக்கிறது. 1968 டிசம்பர் 25. உலகமெல்லாம் கிறிஸ்து பிறப்புக் கொண்டாடிய அந்த இரவில், நெல் கூலியை உயர்த்திக் கேட்டுப் போராடிய சேரியில், ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிந்தார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள். 1973-ல் சென்னை உயர்நீதிமன்றம் நிலக்கிழாரை விடுதலை செய்தது. கார் வைத்திருக்கும் பணக்காரர்கள் தாங்களே நடந்துபோய்த் தீவைத்திருப்பார்கள் என்று நம்புவது கடினம் என்பது அந்தத் தீர்ப்பில் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. யாக்கோபு சொன்ன பொன் மோதிரம் வேறெதுவும் இல்லை, இதுதான். மரம், புல், வைக்கோல் எரியும் என்று மேடையில் சொல்லும்போது நமக்கு உவமை ஞாபகம் வராது. கூரைதான் ஞாபகம் வரும்.

சபைக்குள்ளே நடந்த வழக்குகளையும் பார்க்க வேண்டும். திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளம் கோயிலை 1872-ல் இரண்டு காலாகப் பிரித்தே கட்டினார்கள். ஒரு காலில் வெள்ளாளர், இன்னொன்றில் நாடார் முதலானோர், நடுவே தடுப்பு. 1910-ல் பாதிரியார் தடுப்பை இடித்ததும் வெள்ளாளர் நீதிமன்றம் போனார்கள், தோற்றார்கள். திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்துச் சுவரோ செத்த பிறகும் தலித்தைத் தனியாக்கியது. 2008 மார்ச்சில் எறையூரில் தனிப் பங்கு கேட்ட தலித் கிறித்தவர்களின் வீடுகள் தாக்கப்பட்டன, துப்பாக்கிச்சூடு வரைக்கும் போனது. எக்காளம் தொனிக்கும்போது மரித்தோர் எழுந்திருப்பார்கள் என்கிறது விசுவாசம். மேலப்புதூரில் எழுந்திருக்கிறவர்கள் சுவரைத் தாண்டி ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கும்போது என்ன பேசிக்கொள்வார்கள்? நியாயத்தீர்ப்பு அங்கேயே தொடங்கிவிடும்.

இனி இலக்கியத்துக்கு வருவோம். 'கிறித்தவக் கம்பர்' என்று பட்டம் கொடுத்து, நாங்கள் எம்.ஏ. வகுப்பில் படித்தது எச்.ஏ. கிருஷ்ணபிள்ளையின் இரட்சணிய யாத்திரிகம். 1894-ல் வெளிவந்தது. ஜான் பனியன் 1678-ல் வெளியிட்ட ஆங்கிலக் கதையைத் தழுவியது. செய்யுள் அழகை நான் மறுக்கவில்லை. என் கேள்வி பாதையைப் பற்றியது. பாவச்சுமையை முதுகில் ஏற்றிக்கொண்டு ஒருவன் மோட்ச நகரம் நோக்கி நடக்கிறான். வழியில் சோதனை உண்டு, சேறு உண்டு, சிங்கம் உண்டு. ஆனா 'இந்தத் தெருவுல நீ நடக்கக் கூடாது'ன்னு யாரும் மறிக்கல. நடக்கத் தெரு இருப்பவனால் மட்டுமே மோட்சத்தை ஒரு யாத்திரையாகக் கற்பனை செய்ய முடியும். சிலுவையருகில் அவன் சுமை கழன்று விழுகிறது. நம் தலைமேல் இருந்தது அடுத்தவன் களத்துக்குப் போகும் நெற்கட்டு, அது ஞானஸ்நானத்தில் இறங்கவில்லை. பாவத்தைத் தனியாள் சுமையாக மட்டும் பார்க்கும் காப்பியத்துக்கு, ஊரே சேர்ந்து செய்யும் பாவத்தை எந்தப் படலத்தில் வைப்பதென்று தெரியாது.

பனியனின் கதை முடிவில் ஒரு காட்சி. 'அறியாமை' என்ற பெயருடையவன் நகரவாசல் வரை வந்துவிடுகிறான். சான்றிதழ் எங்கே என்று கேட்கிறார்கள். மடியைத் துழாவுகிறான், இல்லை. கட்டித் தூக்கி நரகத்தில் போடுகிறார்கள். அதைப் படித்தபோது எனக்குத் தாலுகா ஆபீஸ் வாசல்தான் தெரிந்தது. 1950-ஆம் ஆண்டு ஜனாதிபதி ஆணை பட்டியல் சாதி என்பது இந்துக்களுக்கே என்றது. 1956-ல் சீக்கியரும் 1990-ல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். கிறித்தவர் இன்றும் வெளியே. சென்னையில் சாலையோரம் செருப்புத் தைத்த ஆதிதிராவிடர் ஒருவருக்கு, கிறித்தவர் என்பதால் அரசு கொடுத்த பெட்டிக்கடை மறுக்கப்பட்டது. மதம் மாறிய பிறகும் அதே கடுமையோடு இழிவு தொடர்கிறது என்று நிரூபிக்கப்பட வேண்டும் என்று 1985-ல் உச்சநீதிமன்றம் சொன்னது. 2007-ல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் இந்தத் தடையை நீக்கச் சொன்னது. 2023 ஏப்ரலில் தமிழகச் சட்டமன்றம் தீர்மானம் போட்டது. 2024 நவம்பரில் உச்சநீதிமன்றம், ஞானஸ்நானம் பெற்று விசுவாசத்தில் இருந்துகொண்டே இடஒதுக்கீட்டுக்காக இந்து என்று சொல்வது அரசியல் சட்டத்தின் மீதான மோசடி என்றது. கடைசி நாள் வரைக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. தலித் கிறித்தவர் தினம் தினம் நியாயாசனத்தின் முன்தான் நிற்கிறார். அரசு சொல்கிறது: உங்கள் மதத்தில் சாதி இல்லையே. சபை சொல்கிறது: நம் மதத்தில் சாதியைப் பேசாதே. சுவர் மட்டும் உண்மை பேசுகிறது.

அந்தச் சுவரைப் பார்த்து எழுதப்பட்ட பிரதி 1992-ல் வந்த பாமாவின் 'கருக்கு'. பனங்கருக்கின் இரண்டு பக்க ரம்பப் பல்லை, எபிரெயர் நிருபத்தில் வரும் இருபுறமும் கருக்குள்ள பட்டயத்தோடு முன்னுரையிலேயே இணைத்துவிடுகிறார் பாமா. எபிரெயரில் அடுத்த வசனத்தைப் பாருங்கள். அவர் கண்முன் மறைந்தது எதுவும் இல்லை, எல்லாம் வெளியரங்கம், அவருக்கே நாம் கணக்கு ஒப்புவிக்க வேண்டும் என்ற பொருளில் வருகிறது. நியாயத்தீர்ப்பேதான். ஏழைகளுக்கு உழைக்கலாம் என்று மடத்தில் சேர்ந்த ஒரு தலித் பெண், அங்கே வசதியும் சாதியும் வீற்றிருப்பதைக் கண்டு வெளியேறிய கதை அது. வெறும் தன்வரலாறு என்று அதைச் சுருக்கினவர்கள் உண்டு. கொச்சை என்று முகம் சுளித்தவர்களும் உண்டு. என் வாசிப்பில் அது ஒரு குற்றப்பத்திரிகை. சபையைச் சபையின் வேதத்தாலேயே விசாரிக்கிறது. யாத்திரிகத்தில் விசுவாசி தீர்ப்பை நோக்கி நடக்கிறான். கருக்கில் விசுவாசி சாட்சிக்கூண்டில் ஏறி நிற்கிறாள். தமிழ்க் கிறித்தவ இலக்கியம் அடைந்த பெரிய மாற்றம் இது என்பேன்.

எல்லாப் பாதிரியும் கிரீடம் மட்டும் பேசினார்கள் என்று சொன்னால் அது பொய். எங்கள் பழைய செங்கல்பட்டு மாவட்டத்துக்கு வேறொரு கதையும் உண்டு. 1890-களை ஒட்டிய வருசங்களில் ஆடம் ஆண்ட்ரூ, வில்லியம் கௌடி போன்ற மிஷனரிகள், பறையருக்கு வீட்டுமனைகூடச் சொந்தமில்லை என்று அரசாங்கத்தை விடாமல் கேட்டார்கள். கலெக்டர் ட்ரெமென்ஹீர் 1891-ல் அறிக்கை எழுதினார். 1892-ல் ஆணை வந்தது, பஞ்சமி நிலம் பிறந்தது. மத்தேயு 25-ஆம் அதிகாரத்தில் ராசா கேட்கும் கேள்வியில் கிரீடம் இல்லை: பசித்தவனுக்குச் சோறு போட்டாயா, அந்நியனைச் சேர்த்துக்கொண்டாயா, சிறையில் கிடந்தவனைப் போய்ப் பார்த்தாயா. அந்த மனுக்கள் அந்தக் கேள்விகளுக்குச் சொல்லப்பட்ட பதில். 102 வருசம் கழித்து, 1994 அக்டோபர் 10, காரணையில் அந்தப் பஞ்சமி நிலத்தை மீட்கப் போராடியபோது போலீஸ் சுட்டதில் ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் மாண்டார்கள். பெயர் ரெண்டு விதம், மண் ஒண்ணு, குண்டு ஒண்ணு.

நியாயத்தீர்ப்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பகுத்தறிவுத் தோழர்கள் சிலர் அதை அபின் என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுவார்கள். அது எங்க ஆயாவுக்குச் செய்யும் மரியாதை இல்லை. பூமியில் எந்தக் கோர்ட்டும் எடுக்காத வழக்கை ஒருநாள் ஒருத்தர் எடுப்பார் என்ற பிடிவாதத்தில்தான் அவள் தன் கணக்கைக் கடைசிவரை ஞாபகத்தில் வைத்திருந்தாள். அந்தப் பிடிவாதம் பணிவு அல்ல. அதைப் பணிவாக மாற்றுவது கிரீடப் பிரசங்கம். பொறு, மேலே கிடைக்கும் என்று சொல்லி, இங்கே கேட்க வேண்டிய கூலியைக் கேட்காமல் இருக்கவைக்கிறது.

எனவே சபைகளுக்குச் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. விசுவாசிகளின் நியாயத்தீர்ப்பைப் பற்றிப் பேசுங்கள், நிறையப் பேசுங்கள். ஆனால் பாதியில் நிறுத்தாதீர்கள், அடுத்த வசனத்தையும் படியுங்கள். படித்து முடித்ததும் எழுந்துபோய்க் கல்லறைத் தோட்டத்துச் சுவரை இடியுங்கள். சபையின் நிலத்தில், பள்ளியில், ஆஸ்பத்திரியில் எங்களுக்கு எத்தனை பங்கு என்று கணக்குக் காட்டுங்கள்.

ஆயா போய்ச் சேர்ந்துவிட்டாள். அவளை ஊர்ப் பாதையில் எடுத்துப்போக முடியவில்லை, ஏரிக்கரை வழியாகத்தான் கொண்டுபோனோம். அவள் கேட்ட கணக்கு என்னிடம் இருக்கிறது. எத்தனை படி, எந்த வருசம், யார் களம், எல்லாம். அங்கே அவள் கேட்டுக்கொள்வாள். இங்கே நாங்கள் கேட்கிறோம்.