ஆறு வாரம் யாருடைய கணக்கு?

பித்தப்பைக் கல்லால் திடீர் அழற்சி வந்து படுத்த சொந்தக்காரர்களின் டிஸ்சார்ஜ் சம்மரி சிலவற்றை வாங்கிப் பார்த்திருக்கிறேன். எல்லாம் விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்துக் காகிதங்கள். ஆஸ்பத்திரி வேறு, கையெழுத்து வேறு, கடைசி வரி மட்டும் ஒன்றுதான்: ஆன்டிபயாட்டிக் கொடுத்து வலி தணிந்தது, ஆறு வாரம் கழித்து அறுவை சிகிச்சைக்கு வரவும். வாயால் சொல்லும்போது, "இப்ப வீங்கியிருக்கும்மா, கை வைக்க முடியாது, ஆறட்டும்."

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. வீங்கின இடத்துல யாராவது கத்தி வைப்பாங்களா என்று நாமும் தலையாட்டிவிட்டு வந்துவிடுகிறோம். இந்த ஆறு வாரத்துக்கு ஆதாரம் என்ன என்று தேடிப் படித்ததன் குறிப்பு இது. நான் டாக்டர் இல்லை, சாஃப்ட்வேர் ஆள். ஆனால் எண்களைப் படிக்கத் தெரியும்.

பெரிய ஆய்வு 2013-ல் வந்தது. ஜெர்மனியிலும் ஸ்லோவேனியாவிலும் 35 மருத்துவமனைகள், 618 நோயாளிகள். ஒரு பாதிப் பேருக்கு, வந்து சேர்ந்த 24 மணி நேரத்துக்குள் பித்தப்பையை எடுத்தார்கள். மறுபாதிக்கு ஆன்டிபயாட்டிக் கொடுத்து, 7 முதல் 45 நாள் கழித்து எடுத்தார்கள். 75 நாள் கணக்கில் ஏதாவது சிக்கலுக்கு ஆளானவர்கள்: உடனே செய்தவர்களில் 11.8 சதவீதம், காத்திருந்தவர்களில் 34.4 சதவீதம். ஆஸ்பத்திரியில் படுத்திருந்தது சராசரியாக 5.4 நாள், காத்திருந்தவர்களுக்கு 10 நாள். இறப்பில் வித்தியாசம் இல்லை.

இதில் ஒரு ஆட்சேபம் உண்டு. காத்திருந்த காலத்தில் வந்த தொல்லைகளையும் சிக்கல் கணக்கில் சேர்த்துவிட்டார்கள், அதனால்தான் இவ்வளவு பெரிய வித்தியாசம், இது சமமான போட்டி இல்லை என்பார்கள். எனக்கு இது தலைகீழான வாதமாகப் படுகிறது. நோயாளிக்கு அந்த ஆறு வாரமும் சிகிச்சைதானே? அறுவை மேஜையில் நடப்பதை மட்டும் எண்ணினால் அது சர்ஜனின் கணக்கு. வீட்டில் இட்லியைப் பார்த்துப் பயந்துகொண்டு உட்கார்ந்திருக்கும் நாட்களையும் எண்ணினால்தான் அது நோயாளியின் கணக்கு.

அதே 2013-ல் லண்டனிலிருந்து குருசாமி குழு காக்ரேன் தொகுப்புக்காக ஆறு சிறிய ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. காத்திருக்கச் சொன்ன 218 பேரில் 40 பேருக்கு வலி தணியாமலோ திரும்ப வந்தோ, குறித்த நாளுக்கு முன்பே அவசரமாக ஆபரேஷன் செய்ய வேண்டி வந்தது. ஏறக்குறைய ஐந்தில் ஒருவர்.

என் சித்தி அந்த ஐந்தில் ஒருவர். திண்டிவனத்துக்காரர், சர்க்கரை உண்டு. நாலாவது வாரம் ராத்திரி பதினொரு மணிக்கு வலி. இந்த நாலாவது வாரம் என்பது ரொம்ப மோசமான நேரம். அழற்சி வந்த முதல் சில நாட்களில் திசுக்கள் நீர் கோத்திருக்கும், பிரித்தெடுக்க ஓரளவு வழிவிடும். பிறகு அவை ஒன்றோடொன்று இறுக ஒட்டிக்கொள்ளும், ரத்தக்கசிவும் கூடும். சுலபமாக இருக்கும் என்று தள்ளிப் போட்டவர், ஐந்தில் ஒரு முறை மிகக் கஷ்டமான நேரத்தில் கத்தி எடுக்க நேரிடுகிறது. சித்திக்கு வேறொரு ஊரில், கடைசியில் வயிற்றைத் திறந்துதான் செய்தார்கள்.

அடுத்தது "72 மணி நேரம் தாண்டிடுச்சு" என்ற பதில். நம்ம ஊரில் இது எல்லோருக்கும் தாண்டியிருக்கும். வலி வந்தால் முதல் நாள் கேஸ் ட்ரபிள், சோடா. இரண்டாம் நாள் மெடிக்கலில் மாத்திரை. மூன்றாம் நாள்தான் ஸ்கேன். ஆனால் 2016-ல் சுவிட்சர்லாந்தின் லோசானில், 72 மணி நேரம் தாண்டி வந்தவர்களை மட்டும் வைத்தே ஆய்வு செய்தார்கள். 86 பேர்தான், ஒரே மருத்துவமனை, அதனால் அடக்கமாகவே சொல்ல வேண்டும்: சிக்கல் உடனே செய்தவர்களில் 14 சதவீதம், தள்ளிப்போட்டவர்களில் 39. டோக்கியோ வழிகாட்டியும் 2018-ல் இந்த எல்லையைத் தளர்த்திவிட்டது. நோயாளியின் உடல் தாங்கும் என்றால் எத்தனை நாள் ஆனது என்று பார்க்காமல் சீக்கிரம் செய்யலாம் என்கிறது. பிரிட்டனின் நைஸ் 2014-லேயே ஒரு வாரத்துக்குள் என்று சொல்லிவிட்டது.

சர்ஜன்களின் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. பித்தநாளத்தில் தவறிக் கத்தி பட்டால் ஆயுளுக்கும் துன்பம். காக்ரேன் கணக்கில் உடனே செய்தவர்களில் 219-க்கு ஒருவர், தள்ளிப்போட்டவர்களில் 219-க்கு இருவர். இதைக் காட்டி "உடனே செய்வதும் பாதுகாப்பானதே" என்று எழுதுபவர்கள் அளவுக்கு மீறிச் சொல்கிறார்கள். ஒன்றுக்கும் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தில் எதையும் நிரூபிக்க முடியாது. அதே எண்ணை வைத்துக் காத்திருப்பதுதான் பாதுகாப்பு என்றும் சொல்ல முடியாது.

அப்படியானால் ஆறு வாரம் எங்கிருந்து வருகிறது? அந்த ஜெர்மன் ஆஸ்பத்திரிகளில் 24 மணி நேரத்துக்குள் சர்ஜன், மயக்க மருந்து டாக்டர், லேப்ராஸ்கோப்பி தெரிந்த நர்ஸ், காலியான தியேட்டர் எல்லாம் கிடைத்தன. சின்ன ஊர் நர்சிங் ஹோமில் சர்ஜன் வாரத்தில் குறிப்பிட்ட நாளில்தான் வருவார். அது குற்றமில்லை. ஆனால் அது தியேட்டரின் கால அட்டவணை, பித்தப்பையின் கால அட்டவணை இல்லை. "எங்களிடம் இந்த வாரம் வசதி இல்லை, முண்டியம்பாக்கம் மெடிக்கல் காலேஜிலோ ஜிப்மரிலோ கேட்டுப் பாருங்கள்" என்று சொன்னால், திண்டிவனத்துக்காரர் அன்றைக்கே பஸ் ஏறிவிடுவார். "ஆறட்டும்" என்று சொன்னால் வீட்டுக்குத்தான் போவார். போன இடத்திலும் வரிசை இருக்கலாம், அங்கேயும் ஆறு வாரம் என்றே சொல்லலாம். குறைந்தது காரணம் தெரிந்து காத்திருப்பார்.

வயதானவர்கள், இதய நோய் உள்ளவர்கள் விஷயம் தனி. அவர்களுக்கு ஆபரேஷனைத் தவிர்த்து, பித்தப்பைக்குள் குழாய் போட்டுச் சீழை வடிப்பது வழக்கம். நெதர்லாந்தில் இப்படிப்பட்ட 142 பேரை வைத்து 2018-ல் வந்த ஆய்வில், பெரிய சிக்கல்கள் லேப்ராஸ்கோப்பி செய்தவர்களில் 12 சதவீதம், குழாய் போட்டவர்களில் 65 சதவீதம். அதைப் பற்றி இன்னொரு குறிப்பு எழுத வேண்டும்.