115200: போர்ட்டின் வேகமும் கம்பியின் வேகமும்

1995 ஆகஸ்ட் 15 அன்று அரசு நிறுவனமான வி.எஸ்.என்.எல். இந்தியப் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டது. அந்தக் காலத்தில் வீடுகளுக்கு இணையம் வந்தது டயல்-அப் மோடம் வழியாகத்தான். மோடத்தைப் பொருத்திக் கொடுத்தவர்களில் பலர் சீரியல் போர்ட்டின் வேகத்துக்கு யோசிக்காமல் போட்ட எண் 115200; அதாவது நொடிக்கு அத்தனை பிட்.

அதில் நியாயம் இருந்தது. கணினிக்கும் மோடத்துக்கும் இடையே ஓடும் வேகம் வேறு, மோடத்திலிருந்து தொலைபேசிக் கம்பியில் ஓடும் வேகம் வேறு. போர்ட்டில் ஒவ்வொரு பைட்டும் தொடக்க பிட், முடிவு பிட் சேர்ந்து பத்து பிட்டாகப் போகிறது. வி.42 பிழைதிருத்தம் இயங்கும்போது கம்பியில் அந்த இரண்டும் கிடையாது. எனவே 33.6 கிலோபிட் மோடம் நொடிக்கு ஏறத்தாழ 4,200 பைட் கொண்டுவரும். போர்ட்டை 38400-இல் வைத்தால் 3,840 பைட்டுக்கு மேல் உள்ளே வராது. வி.42 பிஸ் சுருக்கமோ வெறும் எழுத்துக் கோப்பை நான்கில் ஒரு பங்குவரை சுருக்க வல்லது. போர்ட் வேகம் குறைவாக இருந்தால் அந்தப் பலன் அத்தனையும் வீண்.

ஆனால், கணினிக்குள் சீரியல் போர்ட்டை இயக்க என்ன சிப் இருக்கிறது என்று எத்தனை பேர் பார்த்தார்கள்? பழைய 8250, 16450 சிப்களில் வரும் ஒரே ஒரு பைட்டுக்குத்தான் காத்திருக்க இடம் உண்டு. 115200-இல் 87 மைக்ரோநொடிக்கு ஒரு பைட் வந்துகொண்டே இருக்கும். ஹார்ட் டிஸ்க் வேலையில் விண்டோஸ் சற்றே தாமதித்தாலும், எடுக்காமல் விட்ட பைட் தொலைந்துபோகும். பாக்கெட் முழுவதும் மறுபடி வர வேண்டும். வேகத்தைக் கூட்டப் போய்க் குறைத்துக்கொண்ட கதைதான். 16 பைட் பஃபருடன் 16550ஏ வந்த பிறகே இந்தத் தொல்லை பெருமளவு தீர்ந்தது. அப்போதும் ஆர்.டி.எஸ்./சி.டி.எஸ். என்ற வன்பொருள் கட்டுப்பாடு இயங்கினால்தான் நிரம்பிய பக்கம் மறுபக்கத்தை நிறுத்தச் சொல்ல முடியும்.

இன்னொரு குறை, திரையில் தெரிந்த பொய். ‘கனெக்ட் 115200’ என்று மோடம் சொன்னது போர்ட்டின் வேகத்தை. அதையே இணைய வேகமென்று நம்பியவர்கள் ஏராளம். கம்பியில் இரைச்சல் கூடி இணைப்பு 14.4 கிலோபிட்டுக்கு இறங்கினாலும் திரையில் அதே எண்தான். மோடத்துக்கு அனுப்பும் ஏ.டி. கட்டளையில் டபிள்யூ2 சேர்த்திருந்தால் பல மோடங்கள் உண்மையைச் சொல்லியிருக்கும். மேலும், 115200-இன் பலன் எல்லாக் கோப்புக்கும் கிடைக்காது: ஜேபெக் படமும் ஜிப் கோப்பும் ஏற்கெனவே சுருங்கியவை; அவற்றுக்கு 57600-ஏ தாராளம்.

ஆக, 16550ஏ இருந்த கணினியில் 115200 சரியான தேர்வு, 16450-இல் தவறான தேர்வு. எண்ணைச் சொல்லிக்கொடுத்தவர்கள் இந்த நிபந்தனையைச் சொல்லாமல் விட்டதே பெரும் பிழை.

மோடம் போனாலும் எண் போகவில்லை. இன்றைய வன்பொருள் ஆய்வகங்களில் புதிய சர்க்யூட் போர்டோடு பேசப் பொறியாளர்கள் பெரும்பாலும் முதலில் போடுவது இதே 115200. இங்கே விதி தலைகீழ்: மூன்று கம்பி இணைப்பில் ஆர்.டி.எஸ்., சி.டி.எஸ். கம்பிகளே இல்லை. மினிகாம் என்ற டெர்மினல் மென்பொருளில் வன்பொருள் கட்டுப்பாட்டை அணைக்காவிட்டால் போர்டின் செய்திகள் திரையில் ஓடும், தட்டச்சு செய்வது மட்டும் போய்ச் சேராது. போர்டைக் குறைசொல்லும் முன் அந்த ஒரு அமைப்பைப் பார்த்துவிடுங்கள்.