'ரிடையர்டு' என்று எழுதாதீர்கள்!

இந்த வாரம் விமர்சனத்துக்கு எடுத்துக்கொண்டிருப்பது ஒரே ஒரு பக்கம். கதையுமில்லை, கவிதையுமில்லை. அமெரிக்காவில் ஒருவர் இறந்துபோனால் அந்த ஊர் கவுன்ட்டி ஆபீஸில் தருகிற மரணச் சான்றிதழ்.

'காலங்கார்த்தால என்னய்யா இது அபசகுனம்' என்று பக்கத்தைப் புரட்டுகிறவர்கள் தாராளமாகப் புரட்டலாம். ஆனால், பேரனைப் பார்த்துக்கொள்ள ஆறு மாசத்துக்குக் கலிஃபோர்னியா போயிருக்கும் அப்பா அம்மாக்கள் இன்றைக்குத் தெருவுக்கு இரண்டு வீட்டில் இருக்கிறார்கள். அவர்களில் சிலர் அங்கேயே போய்ச் சேர்ந்துவிடுவதும் நடக்கிறது. அப்போது அந்த வீட்டுப் பிள்ளைகள் ஊன்றிப் படித்தே ஆகவேண்டிய அமெரிக்க இலக்கியம் இதுதான்.

கவுன்ட்டி என்றால் ஏறக்குறைய நம் மாவட்டம் மாதிரி. நாடு முழுக்க மூவாயிரத்துக்கு மேல் இருக்கின்றன. சான்றிதழின் மாதிரிப் படிவத்தை மத்திய அரசு தருகிறது. மாநிலங்கள் கொஞ்சம் கூட்டிக் குறைத்துக்கொள்கின்றன. முதல் மாதிரி 1900-ல் வந்தது. இப்போதைய வடிவம் 2003-ல் திருத்தியது.

முதலில் பாராட்டிவிடுகிறேன். மரணக் காரணம் எழுதும் பகுதி அபாரம். 'இதயம் நின்றது, மூச்சு நின்றது என்று மட்டும் எழுதாதே, அது எதனால் நின்றது என்று எழுது' என்று டாக்டருக்கு அச்சிலேயே கட்டளை இருக்கிறது. நியாயம்தானே? எல்லோருக்கும்தான் கடைசியில் இதயம் நிற்கிறது. சுருக்கெழுத்தும் கூடாது. மேல் வரியில் நுரையீரலில் ரத்தக்கட்டி, அதற்குக் கீழே அது எதனால் வந்தது: காலில் ரத்தம் உறைந்தது. அதற்கும் கீழே: இடுப்பு எலும்பு முறிவு. அதற்கும் கீழே: பாத்ரூமில் வழுக்கி விழுந்தது. படிக்கப் படிக்கப் படம் பின்னோக்கி ஓடுகிறது. கடைசி வரியில்தான் வில்லன் இருக்கிறான்.

அந்தக் கடைசி வரிக்கு டாலர் மதிப்பும் உண்டு. வழுக்கி விழுந்தது என்றால் அது 'இயற்கை' மரணம் இல்லை, 'விபத்து'. கேஸ் டாக்டரின் கையை விட்டு கரோனர் என்ற அதிகாரியிடம் போகும். விசாரணை முடியாவிட்டால் காரணம் இருக்க வேண்டிய இடத்தில் 'நிலுவையில்' என்று போட்டு ஒரு சான்றிதழ் வரும். இன்ஷூரன்ஸ்காரர் அதை வைத்துக்கொண்டு 'முழுசா வரட்டும் சார்' என்பார். அடுத்த கட்டத்தில், மரணத்துக்குத் துணைபோன மற்ற வியாதிகளை எழுத வேண்டும். அங்கே சர்க்கரை, பிரஷர் என்று ஏதாவது இருந்தால், ஏற்கெனவே இருந்த வியாதிக்குப் பணம் தராத டூரிஸ்ட் பாலிசிக்காரர்கள் பூதக்கண்ணாடி வைத்துப் படிப்பார்கள்.

எனக்கு ரொம்பப் பிடித்தது தொழில் பற்றிய கட்டம். வாழ்நாளின் பெரும்பகுதியில் செய்த வேலை என்ன என்று கேட்டுவிட்டு, பக்கத்திலேயே 'ரிடையர்டு என்று எழுதாதே' என்று எச்சரிக்கை. முப்பத்தைந்து வருஷம் தாலுகா ஆபீஸில் ஃபைல் பார்த்தவரை, கடைசிப் பத்து வருஷம் ஈஸி சேரில் உட்கார்ந்திருந்தார் என்பதற்காக 'ரிடையர்டு' என்று முடித்துவிடக் கூடாதாம். குடும்பத்தையே நிர்வாகம் பண்ணின அம்மாவுக்கு? தொழில்: 'ஹோம்மேக்கர்'. எந்தத் துறை: 'சொந்த வீடு'. நம் ஊர் படிவங்களில் அம்மாக்களின் தொழில் கட்டத்தில் ஒரு கோடு இழுத்துவிடும் வழக்கத்துக்கு இது எவ்வளவோ தேவலை.

இனி குறைகள். படிவத்துக்குத் தன் ஊர்க்காரரை மட்டும்தான் தெரியும். 'அமெரிக்க ராணுவத்தில் பணிபுரிந்ததுண்டா?' என்று மன்னார்குடிப் பாட்டியைப் பற்றியும் கேட்கும். பெயரை முதல், நடு, கடைசி என்று மூன்றாக வெட்டச் சொல்லும். இனிஷியலோடு வாழ்ந்து முடித்த மனுஷருக்கு எது கடைசிப் பெயர்? தாயாரின் கல்யாணத்துக்கு முந்தைய பெயரையும் கேட்கும். நம் பாட்டிகளுக்குக் கல்யாணத்துக்கு முந்தியும் பிந்தியும் ஒரே பெயர்தானே!

ஒரு கட்டம் உண்மையிலேயே வம்பில் கொண்டுபோய் விட்டது. இறந்தவர் பெண் என்றால், கடந்த ஒரு வருஷத்துக்குள் கர்ப்பமாக இருந்தாரா என்று ஒரு டிக் அடிக்க வேண்டும். பிரசவ மரணங்களைத் தப்பாமல் எண்ணுவதற்காக 2003-ல் சேர்த்த நல்ல யோசனை. ஆனால், 85 வயதைத் தாண்டிய பாட்டிகளுக்கெல்லாம் 'கர்ப்பிணி' என்று டிக் விழுந்திருந்தது பின்னால் தெரிந்தது. நாட்டின் பிரசவ மரணக் கணக்கே ஊதிப்போய், 2018-ம் வருஷக் கணக்கிலிருந்து எண்ணும் முறையையே மாற்றினார்கள். யாரோ அவசரத்தில் அடித்த டிக்தான் எல்லாம்.

சரி, இந்தப் பக்கத்தை எழுதுவது யார்? இதைத்தான் நம் ஆட்கள் கவனிப்பதில்லை. டாக்டரோ கரோனரோ எழுதுவது மருத்துவப் பகுதியை மட்டும். கலிஃபோர்னியாவில் டாக்டருக்கு 15 மணி நேரம் கெடு. மற்ற எல்லாவற்றையும் ஃப்யூனரல் டைரக்டர் உங்களிடம் கேட்டுத்தான் நிரப்புகிறார். தகவல் தந்தவர் என்று உங்கள் பெயரும் அதில் இருக்கும். எட்டு நாளுக்குள், தகனத்துக்கு முன்னால், பதிவாகியாக வேண்டும். அழுது வீங்கின முகத்தோடு, தூக்கமில்லாமல் உட்கார்ந்து 'ஏதோ போடுங்க' என்று சொல்கிற அந்த அரை மணி நேரத்தில்தான் விஷயமே இருக்கிறது. பாஸ்போர்ட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுத்து எழுத்தாகச் சரிபாருங்கள். ஊரில் உள்ள பத்திரம், பேங்க் பாஸ்புக் பெயரையும் போன் போட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பதிவான பிறகு தப்பைத் திருத்த முடியாதா? முடியும். ஆனால் பழைய பக்கத்தை அழிக்க மாட்டார்கள். திருத்தம் இரண்டாவது பக்கமாகக் கூடவே ஒட்டிக்கொண்டு வரும். பி.காம். படித்த எனக்கு இது புரிகிறது. பேரேட்டில் தப்பை ரப்பர் வைத்து அழிக்கக் கூடாது, திருத்தப் பதிவு போட வேண்டும் என்பது எங்கள் பாலபாடம். ஆனால் நம்மூர் கவுன்ட்டரில் அந்த இரண்டு பக்கத்தையும் வைத்து, இரண்டும் ஒரே ஆள்தான் என்று புரியவைக்கிறவர் பாடு திண்டாட்டம்.

காப்பி வாங்குவதிலும் ஒரு சூட்சுமம். ஆள்மாறாட்ட மோசடிகளுக்குப் பயந்து 2003-லிருந்து கலிஃபோர்னியாவில் இரண்டு ரகம் தருகிறார்கள். ஒன்று, எல்லா இடத்திலும் செல்லுபடியாவது. மற்றது யார் கேட்டாலும் கிடைக்கும். ஆனால் 'தகவலுக்கு மட்டும்' என்று அதன் மேலேயே அச்சடித்திருக்கும், காரியத்துக்கு உதவாது. முதல் ரகத்தைக் கேட்கும் உரிமை பெற்றோர், பிள்ளை, பேரப்பிள்ளை, உடன்பிறந்தோர், கணவன் மனைவி என்று நீளும் பட்டியலில் இருப்பவர்களுக்கு மட்டுமே. நம் வீடுகளில் ஓடியாடி எல்லாம் பார்ப்பது யார்? மாப்பிள்ளை. அவர் பெயர் அந்தப் பட்டியலில் கிடையாது! கோர்ட்டில் பொய்ச் சத்தியம் செய்தால் என்ன தண்டனையோ அதற்குக் கட்டுப்பட்டுக் கையெழுத்துப் போட வேண்டிய மனு என்பதால், மாமனாரை 'அப்பா' என்று எழுதும் பழக்கமெல்லாம் வேண்டாம். தபாலில் கேட்டால் நோட்டரி கையெழுத்தும் வேண்டும். ஃப்யூனரல் டைரக்டர் மூலமாகவே வாங்கிவிடுவது சுலபம். பல கவுன்ட்டிகளில் புதிய மரணங்களுக்குப் பொதுச் சுகாதாரத் துறை ஆபீஸ், பழையதற்கு ரெக்கார்டர் ஆபீஸ் என்று இடமும் வேறு. ஒரு காப்பி இருபது டாலருக்கு மேல். கஞ்சத்தனம் பார்க்காமல் ஐந்தாறு ஒரிஜினல் வாங்குங்கள். ஆளாளுக்கு ஒரிஜினல் கேட்பார்கள், ஜெராக்ஸ் எடுபடாது.

நம் சான்றிதழோடு ஒப்பிடாமல் விமர்சனம் முடியாது. இங்கே குடும்பத்துக்குத் தரும் மரணச் சான்றிதழில் காரணமே இருக்காது. 1969-ம் வருஷச் சட்டத்தின் 17-வது பிரிவு அதைச் சொல்லக் கூடாது என்கிறது. இறந்தவரின் அந்தரங்கம் என்று பார்த்தால் பெருந்தன்மைதான். ஃப்ளோரிடாவிலும் காரணத்தை ஐம்பது வருஷம் பொத்தி வைக்கிறார்கள். ஆனால், கோவிட் சமயத்தில் அந்தப் பெருந்தன்மை நம்மைச் சுட்டது. செத்தது கோவிட்டால்தான் என்று காட்ட ஒரு காகிதம் கேட்டு ஜனங்கள் அலைந்து, 2021-ல் சுப்ரீம் கோர்ட் தலையிட வேண்டிவந்தது. 2023 அக்டோபரில் அமலுக்கு வந்த திருத்தத்தின்படி, ஆஸ்பத்திரி தரும் காரணச் சான்றின் ஒரு பிரதியை நெருங்கிய உறவினருக்கும் கொடுத்தாக வேண்டும். கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். 2020-ல் நம் நாட்டில் பதிவான மரணங்களில் டாக்டர் காரணம் எழுதியவை நூற்றுக்கு 22.5 தான். மிச்சப் பேர் எதனால் போனார்கள் என்பது அரசாங்கத்துக்கே தெரியாது.

கடைசியாக, இறந்த இடத்தில்தான் பதிவு. மன்னார்குடி நகராட்சியில் போய், அமெரிக்காவில் காலமான அம்மாவுக்குச் சான்றிதழ் கேட்டால் கையை விரிப்பார்கள். வாரிசுச் சான்றுக்கும் பட்டா மாற்றத்துக்கும் கவுன்ட்டி தந்த காகிதம்தான் கதி. அது இங்கே செல்லுபடியாக 'அபோஸ்டில்' என்ற முத்திரை வேண்டும்; 2005 முதல் இந்தியா இதை ஏற்கிறது. சுகாதார அதிகாரி கையெழுத்திட்ட காப்பி என்றால் முதலில் கவுன்ட்டி கிளார்க்கிடம் உறுதி செய்துகொண்டு, பிறகு சாக்ரமென்டோவில் இருக்கும் மாநிலச் செயலர் ஆபீஸுக்கு அனுப்ப வேண்டும். அப்படி வாங்கிவந்த ஒரிஜினலை, 'வெச்சுட்டுப் போங்க சார், பார்த்துட்டுத் தர்றோம்' என்கிற எந்த கவுன்ட்டரிலும் விட்டுவிட்டு வராதீர்கள். தொலைந்தால் நோட்டரியிலிருந்து மறுபடி ஆரம்பிக்க வேண்டும்.